கராஜைப் பட்டறையாக்கித் தந்தவர்களுக்கு நன்றி

எங்கள் தெருவில் வசிக்கும் அன்பர்களுக்கும், சொந்தமாக விமானம் கட்டுவோரின் அமைப்பான ஈஏஏவின் கிளை உறுப்பினர்களுக்கும், ஹூஸ்டன் தமிழ் நண்பர்களுக்கும் பணிவான வணக்கம்.

இரண்டு கார்கள் நிறுத்துவதற்கெனக் கட்டப்பட்ட எங்கள் வீட்டுக் கராஜ், ஆர்வி-7 என்னும் இரு இருக்கை விமானத்தைக் கட்டுவதற்கான பட்டறையாக இப்போது உருப்பெற்றுவிட்டது. ஆரிகன் மாநிலத்தின் வான்ஸ் ஏர்கிராஃப்ட் நிறுவனத்திலிருந்து வால் பகுதிக்குரிய பெட்டிகள் வந்து இறங்குவதற்குள் இம்மடலை எழுதிவிட விரும்பினேன். தகடுகளைப் பிணைக்கும் ரிவெட் ஆணிகளை அடிக்கத் தொடங்கிவிட்டால் வேறு எதற்கும் நேரமிருக்காது என்று அனுபவப்பட்டவர்கள் ஏற்கெனவே எச்சரித்திருக்கிறார்கள்.

எதிர்வீட்டில் இருக்கும் ஓய்வுபெற்ற தச்சருக்கே என் முதல் நன்றி. கலிஃபோர்னியாவின் எட்வர்ட்ஸ் விமானப்படைத் தளத்தைச் சேர்ந்த ஈஏஏ 1000ஆவது கிளையினர் வரைந்து பொதுவில் வைத்திருக்கும், 5 அடி நீளமும் 2 அடி அகலமும் கொண்ட வேலை மேசையின் படத்தை அவரிடம் காட்டியபோது, மரக்கடையில் கிடைக்கும் சட்டங்களில் பாதி முறுக்கியிருக்கும் என்று சொல்லி, தாமே உடன் வந்து ஒவ்வொரு சட்டத்தையும் கண்ணருகே தூக்கிப் பார்த்துத் தேர்ந்தெடுத்தார். முறுக்கிய மேசையின்மேல் வைத்துப் பொருத்தப்படும் சுக்கானும் முறுக்கிக்கொள்ளும். ரிவெட் இறுகியபின் அதை நிமிர்த்த வழியில்லை. பறக்கும்போது விமானம் ஒருபக்கமாக இழுக்கும். இதையெல்லாம் நான் விளக்கி முடிப்பதற்குள் அவர் ரசமட்டத்தை எடுத்துவந்து, கராஜின் தரை மழைநீர் வடிவதற்காக வாசலை நோக்கிச் சரிந்திருப்பதைக் கண்டுபிடித்து, மேசைக் கால்களில் ஏற்றி இறக்கக்கூடிய திருகுகளைப் பொருத்திவிட்டார்.

240 வோல்ட் மின்னிணைப்பை நகராட்சி அனுமதியுடன் முறையாக அமைத்துத் தந்த நண்பருக்கும், மேசையில் நிழல் விழாதபடி விளக்குகளை மாட்டித் தந்த அவருடைய மகனுக்கும் நன்றி. ஹூஸ்டனின் ஈரக் காற்றை அழுத்தினால், ரிவெட் அடிக்கும் கருவிக்குக் காற்றூட்டும் கம்ப்ரஸர் தண்ணீரைத்தான் கக்கும் என்பதை முன்கூட்டியே சொல்லி, காற்றுக்குழாயைச் சற்றுச் சரிவாக ஓடவிட்டு, அதன் கடைசியில் நீர் வடியும் திறப்பு ஒன்றை வைத்துக் கொடுத்த கார் மெக்கானிக்கையும் இங்கே நினைத்துக்கொள்கிறேன்.

1953இல் விஸ்கான்சினில் பால் போபெரெஸ்னி தொடங்கிய ஈஏஏ அமைப்பில், சொந்தமாக விமானம் கட்டி முடித்தவர்கள் புதியவர்களின் பட்டறைக்கே வந்து, ஊதியம் ஏதும் பெறாமல் வேலையைப் பார்வையிட்டு ஆலோசனை சொல்லும் வழக்கம் உண்டு. அவ்வாறு வந்த அம்மையார், கருவிகளைப் பற்றி நான் தயாரித்திருந்த நீண்ட பட்டியலைப் புரட்டிப் பார்த்து, அதில் பாதியை அடித்துவிட்டார். என் சேமிப்பு தப்பியது. பிறகு இரண்டு அலுமினியத் துண்டுகளை, தகடுகளைத் தற்காலிகமாகப் பிடித்துவைக்கும் கிளீக்கோ என்னும் கவ்விகளால் இணைத்து, துளைகளின் பிசிறை நீக்கி, அரைக்கால் அங்குல ரிவெட்டுகளை வரிசையாக அடித்துக் காட்டினார். அடிபட்டுத் தட்டையாகும் தலை, ரிவெட்டின் விட்டத்தைப்போல் ஒன்றரைப் பங்கு அகலமும் அரைப் பங்கு உயரமும் கொண்டிருக்க வேண்டும் என்பதை அளவுகருவியை வைத்து ஒவ்வொன்றாகச் சரிபார்த்தார். பிறகு, சரியாக அமைந்த ஒரு ரிவெட்டையே தலையில் துளையிட்டு, தகடு சேதப்படாமல் வெளியே எடுக்கவும் கற்றுக்கொடுத்தார். புத்தகத்தில் இதைப் படித்திருந்தேன் என்றாலும், துளைபோட்ட தலை ‘டிக்’ என்று கழன்று வருவதைக் கையால் உணர்ந்தபோதுதான் பயம் தெளிந்தது.

ரிவெட் அடிக்கும் சத்தத்தை இனிமேல் தாங்கப்போகும் அண்டை வீட்டாருக்கு எத்தனை நன்றி சொன்னாலும் தகும். பக்கத்து வீட்டுக் குழந்தை உறங்கும் நேரத்தை அதன் தாயாரிடம் கேட்டுக் குறித்து, கராஜ் கதவின் உட்புறம் ஒட்டிவைத்திருக்கிறேன். அந்நேரத்தில் கம்ப்ரஸரும் ஓடாது. கட்டிய மனைவிக்குப் பொதுவில் நன்றி சொல்வது நம் வீடுகளில் சற்றுக் கூச்சமான காரியம்தான். ஆனாலும் தம் காரை டெக்சஸ் வெயிலில் நிறுத்த ஒப்புக்கொண்டதோடு, நான் வெளியிலிருந்து அடிக்கும்போது உட்புறத்தில் ரிவெட்டின் மறுமுனைக்கு முட்டுக்கொடுக்கும் பக்கிங் பார் என்னும் உலோகக் கட்டியைப் பிடிக்கவும் முன்வந்திருப்பவரை விட்டுவிட முடியாது.

வீட்டில் கட்டும் விமானத்தின் பெரும்பகுதி, கற்பதற்காகவோ பொழுதுபோக்கிற்காகவோ ஈடுபடுவோரின் உழைப்பாக இருக்க வேண்டும் என்பது அமெரிக்க விதி. அப்படி உழைப்பவர் ஒரே ஒருவராகத்தான் இருக்க வேண்டும் என்று அது சொல்லவில்லை. ஆகவே, ஆர்வமுள்ளவர்கள் சனிக்கிழமை காலைகளில் தாராளமாக வரலாம். காதடைப்பான்கள் இங்கே இருக்கின்றன. மூடிய காலணி மட்டும் அணிந்து வாருங்கள். கிளையிலிருந்து இரவலாகப் பெற்ற கிளீக்கோ வாளியை, இறக்கை வேலை முடிந்ததும் எண்ணிக்கை குறையாமல் திருப்பித் தருவேன்.

நன்றியுடன்,
ஹூஸ்டன், டெக்சஸ்