நாலு மில்லிமீற்றர் கல்லும் செங்கடலும்

வெள்ளவத்தை,
கொழும்பு 06.

அன்பின் ஜெயம்,

நீ அனுப்பிய வீடியோவை மூன்று நாள் திறக்காமலே வைத்திருந்தேன், கோபிக்காதே. நேற்று இரவு மழைக்குக் கரண்ட் போய், ஃபேன் நின்று, வேர்வையில் நித்திரை கலைந்த நேரத்தில்தான் முழுதாகப் பார்த்தேன். நாற்பத்தேழு நிமிடம்! மோசே சனத்தைக் கூட்டிப்போன செங்கடல் காற்றில் ஒதுங்கியது, இயேசு நடந்த கலிலேயாக் கடல் உறைந்து கிடந்தது, இயேசுவைச் சிலுவையில் அறைந்த நேரம் சூரிய கிரகணம் பிடித்தது, ஆகவே பைபிளை விஞ்ஞானம் ஒப்புக்கொண்டுவிட்டது என்று அந்த மனிதர் கடைசியில் மேசையில் தட்டிச் சொல்கிறார். அதற்குக் கீழே நீ ஒரு வரி போட்டிருக்கிறாய்: "இப்ப என்ன சொல்லுறாய்?"

சொல்கிறேன். அதற்கு முதல் வீட்டுக் கதை ஒன்று.

மனிசியின் அக்காவை உனக்கு ஞாபகம் இருக்கும், எங்கள் கலியாணத்தில் உனக்கு இரண்டாம் தரம் பாயாசம் தர மறுத்த அதே அக்கா. போன வருடம் ஆவணியில் அவவுக்கு விலாவில் தாங்க முடியாத குத்து. நான்தான் திரீவீலில் ஏற்றிக்கொண்டு போனேன். ஸ்கேன் எடுத்தால், சிறுநீர்க் குழாயில் கல், 4 மில்லிமீற்றர். டொக்டர் பெரிதாக அலட்டிக்கொள்ளவில்லை. "நிறையத் தண்ணி குடியுங்கோ, ரெண்டு கிழமையால வாங்கோ" என்றார். 5 மில்லிமீற்றருக்குக் குறைந்த கற்களில் பெரும்பாலானவை தாமாகவே வெளியே போய்விடும் என்பது அவருக்குத் தெரியும், பிறகு வாசித்து எனக்கும் தெரிந்தது. அக்கா தண்ணீர் குடித்தார், இளநீர் குடித்தார், ஜெபக்கூட்டத்தில் தலையில் கை வைத்தும் ஜெபித்தார்கள். ஒன்பதாம் நாள் கல் போய்விட்டது.

அடுத்த ஞாயிறு அக்கா எழும்பிச் சாட்சி சொன்னார்: கல் இருந்தது, ஜெபித்தோம், ஆண்டவர் எடுத்துவிட்டார். சரி. ஒரு மாதம் கழித்து இன்னொரு கூட்டத்தில் சொன்னபோது அது "பெரிய கல்" ஆகியிருந்தது, நானும் பக்கத்தில்தான் இருந்தேன், வாய் திறக்கவில்லை. கார்த்திகையில் வவுனியாவிலிருந்து மனிசிக்குச் சித்தி முறையான ஒருவர் ஃபோன் எடுத்தார். ஒப்பரேஷன் மேசையில் ஏற்றிப்போட்டு, கத்தி வைக்கப் போகிற நேரம் கடைசியாக ஒருக்கால் ஸ்கேன் பண்ணிப் பார்த்தால் கல்லைக் காணவில்லையாம், டொக்டரே முழங்காலில் நின்றாராம். இதை எனக்கே சொன்னார், ஜெயம்! அந்த ஸ்கேன் ரிப்போர்ட் இன்றைக்கும் என் அலுமாரியில் பழைய கரண்ட் பில்லுகளுக்குக் கீழே கிடக்கிறது.

மூன்றே மாதம், ஒரே குடும்பம், ஆளாளுக்கு ஃபோனும் இருக்கிறது. ஒருவர்கூடப் பொய் சொல்லவில்லை என்று நான் சத்தியம் பண்ணுவேன். அக்கா வலியின் அளவைச் சொல்ல "பெரிய" என்றார், கேட்டவர் பெரிய கல்லென்றால் ஒப்பரேஷன்தானே என்று நிரப்பிக்கொண்டார், அவரிடம் கேட்டவருக்கு ஒப்பரேஷன் என்றால் கத்தி கண்ணில் தெரிந்திருக்கிறது. அவ்வளவுதான்.

இனி உன் வீடியோவுக்கு வருகிறேன். அதில் சொன்ன காற்றுக் கதை வெறும் புளுகு இல்லை, அதை ஒத்துக்கொள்ள வேண்டும். 2010-ல் கார்ல் ட்ரூஸ் என்ற அமெரிக்க ஆய்வாளர் கணினியில் கணக்குப் போட்டுக் காட்டினார், நைல் டெல்டாவின் கிழக்கே ஆழம் குறைந்த ஒரு பழைய ஏரியில், மணிக்கு 100 கிலோமீற்றர் வேகக் கீழ்க்காற்று 12 மணித்தியாலம் விடாமல் அடித்தால் தண்ணீர் ஒதுங்கி, மூன்று நாலு கிலோமீற்றர் நீளத்துக்குத் தரை தெரியும், நாலு மணித்தியாலம் அப்படியே இருக்கும் என்று. மனிதர் தானே ஒரு விசுவாசி. இந்தக் கதை வருகிற பைபிள் புத்தகமான யாத்திராகமமும் இரவு முழுக்கப் பலத்த கீழ்க்காற்று அடித்ததாகத்தான் சொல்கிறது. எபிரேயத்தில் அந்தக் கடலின் பெயர் "யாம் சூஃப்", நாணல் கடல் என்றுதான் பலர் பொருள் சொல்கிறார்கள், அப்படியென்றால் ஏரியும் பொருந்தும். பௌதிகத்தில் எனக்கு ஒரு சண்டையும் இல்லை.

ஆனால் கொஞ்சம் யோசி. காலிமுகத் திடலில் வைகாசிக் காற்றில் நாங்கள் குடை பிடிக்கப் பட்ட பாடு உனக்கு மறந்திருக்காது, உன் குடை கவிழ்ந்து கம்பி நாலு பக்கமும் நீட்டிக்கொண்டு நின்றதே! எகிப்திலிருந்து வெளியே போகிறவர்கள் நடப்பது கிழக்கு நோக்கி, காற்று வருவதும் கிழக்கிலிருந்து. முகத்தில் 100 கிலோமீற்றர் காற்று, காலுக்குக் கீழே சேறு, கையில் பிள்ளைகள், பின்னால் ஆடு மாடு. ஆண்கள் மட்டுமே ஆறு லட்சம் பேர் என்று அதே புத்தகம் சொல்கிறது. காற்றை விஞ்ஞானத்திடமும் ஆறு லட்சத்தை வேதாகமத்திடமும் வாங்கி இரண்டையும் ஒட்ட வைத்தால் எப்படி ஒட்டும்? அவ்வளவு சனம் நாற்பது வருடம் சீனாய் வனாந்தரத்தில் அலைந்ததற்குத் தோண்டியவர்களுக்கு இதுவரை ஒரு தடயமும் கிடைக்கவில்லை என்பது வேறு.

ஐஸ் கதைக்கு நான் சிரித்தே விட்டேன். 2006-ல் டோரோன் நோஃப் என்ற கடலியல் பேராசிரியரும் கூட்டாளிகளும் சொன்னது அது, கலிலேயாக் கடல் என்கிற அந்த ஏரிக்கரையில் உப்பு ஊற்றுகள் உள்ள இடத்தில் கடும் குளிர் வந்தால் சின்னதாக ஒரு பனித்தகடு உண்டாகலாம், தூரத்தில் நிற்பவருக்கு அதன் மேல் நடப்பவர் தண்ணீரில் நடப்பதுபோலத் தெரியலாம் என்று. "லாம்" என்றுதான் அவர்கள் எழுதினார்கள். உன் வீடியோக்காரர் அந்த "லாம்" இரண்டையும் வெட்டிவிட்டார். யோவானின் சுவிசேஷத்தில் சீஷர்களின் படகு கரையிலிருந்து இருபத்தைந்து முப்பது ஸ்தாதி தூரத்தில், அதாவது கிட்டத்தட்ட 5 கிலோமீற்றர் தள்ளி நிற்கிறது. காற்றும் அலையும் வேறு. பிறந்த நாளிலிருந்து அந்த ஏரியில் வலை போட்டவர்களுக்குப் பனியைக் கண்டால் தெரியாதா? மோதரைக் கடற்றொழிலாளி ஒருவரிடம் போய், நீ கண்டது அலை இல்லை, வேறு ஏதோ என்று சொல்லிப் பார், காது கேட்க முடியாத சிங்களத்தில் பதில் வரும்.

கிரகணத்துக்கு உனக்குக் கலண்டரே போதும். இயேசுவைச் சிலுவையில் அறைந்தது யூதரின் பஸ்காப் பண்டிகை நேரத்தில், பஸ்கா வருவது முழு நிலா நாளில், எங்கள் பாஷையில் போயாவில். சூரிய கிரகணம் பிடிப்பது அமாவாசையில் மட்டும்தான். பிடித்தாலும் முழு இருட்டு ஏழரை நிமிடத்தைத் தாண்டாது, சுவிசேஷங்கள் சொல்லுகிற மூன்று மணித்தியால இருட்டுக்கு எங்கே போவது? ஏ.எல். பௌதிகத்தில் என்னைவிடக் கூடப் புள்ளி எடுத்த நீ இதைக் கவனிக்காமல் விட்டதுதான் எனக்கு ஆச்சரியம்.

இப்படிச் சமாளிப்பது புதிய வேலையும் இல்லை. ஜெர்மனியில் பவுலுஸ் என்றொரு இறையியல் பேராசிரியர் (1851-ல் செத்துப்போனார்) அற்புதங்கள் ஒவ்வொன்றுக்கும் இப்படிக் காரணம் கண்டுபிடித்து வைத்திருந்தார்: இயேசு கரையோரமாக நடந்தார், படகில் இருந்தவர்கள் மூடுபனியில் பிழையாகக் கண்டார்கள், ஐயாயிரம் பேரும் ஒளித்து வைத்திருந்த சாப்பாட்டைப் பங்குபோட்டுச் சாப்பிட்டார்கள், இந்த மாதிரி. 1835-ல் ஸ்ட்ராஸ் என்ற இருபத்தேழு வயதுப் பெடியன் வந்து, இந்தக் கதைகளை நடந்த சம்பவமாக வைத்துக்கொண்டு காரணம் தேடுவதே பிழை, முதலில் இவை எப்படி உருவான கதைகள் என்று பாருங்கள் என்றான். அத்தோடு ட்யூபிங்கனில் அவனுக்கு வேலை போனது. பிறகு சூரிச்சில் கிடைத்த பதவியும், சனம் எதிர்த்துக் கிளம்பியதால், தொடங்க முதலே ஓய்வூதியத்தோடு முடிந்தது.

எனக்கு ஸ்ட்ராஸ் பக்கம்தான் நியாயம் தெரிகிறது. ஐயாயிரம் பேருக்குச் சாப்பாடு கொடுத்த கதையை எடுத்துக்கொண்டு, உன் பழைய பைபிளில் இரண்டாம் இராஜாக்கள் நாலாம் அதிகாரத்தின் கடைசி மூன்று வசனங்களைப் பார். எலிசா தீர்க்கதரிசி வாற்கோதுமை அப்பம் இருபதை நூறு பேருக்கு வைக்கச் சொல்கிறார், வேலைக்காரன் இது எப்படிக் காணும் என்கிறான், எல்லாரும் சாப்பிட்டு மிச்சமும் வருகிறது. யோவானும் தன் கதையில் அப்பங்கள் வாற்கோதுமை என்று எடுத்துச் சொல்கிறார். எலிசாவை விடப் பெரியவர் வந்துவிட்டார் என்று சொல்ல நினைத்தவர் கதையை அந்த அச்சில்தானே வார்ப்பார்? அங்கே யார் எவ்வளவு சாப்பாடு ஒளித்து வைத்திருந்தார்கள் என்று பவுலுஸ் மடியைத் தடவிக்கொண்டிருந்ததை நினைத்தால் பாவமாக இருக்கிறது.

கல் வளர்ந்த மாதிரியே அங்கும் வளர்கிறது. இயேசுவைப் பிடிக்க வந்த அன்று பிரதான ஆசாரியனின் வேலைக்காரனுக்குக் காது வெட்டுப்பட்டதை நாலு சுவிசேஷமும் சொல்கின்றன, அந்தக் காதைத் தொட்டுச் சுகமாக்கியது லூக்காவில் மட்டும். வெட்டியது பேதுரு, வெட்டுப்பட்டவன் மல்குஸ் என்ற பெயர்கள் யோவானில் மட்டும். பக்கத்தில் நின்றவர்களுக்கு முன்னால் ஒரு காது திரும்பப் பொருந்தியிருந்தால் மற்ற மூன்று பேரும் அதை மறந்தா போயிருப்பார்கள்? யவீரு என்ற ஜெப ஆலயத் தலைவன் மாற்குவில் இயேசுவிடம் வந்து என் மகள் சாகக் கிடக்கிறாள் என்கிறான், மத்தேயுவில் வரும்போதே இப்போதுதான் செத்துப்போனாள் என்கிறான். இயேசு சபித்த அத்திமரம் மாற்குவில் அடுத்த நாள் காலையில் பட்டுப்போய் நிற்கிறது, மத்தேயுவில் அந்த இடத்திலேயே.

எனக்கு மிகப் பிடித்தது பெத்சாயிதாக் குருடன். மாற்குவில் மட்டும் இருக்கிற கதை. இயேசு அவனுடைய கண்களில் துப்பி, கைகளை வைத்து, ஏதாவது தெரிகிறதா என்று கேட்கிறார். அவன் மனிதர்கள் தெரிகிறார்கள், ஆனால் நடக்கிற மரங்கள் மாதிரி என்கிறான். திரும்பவும் கை வைக்கிறார், அப்போதுதான் சரியாகத் தெரிகிறது. முதல் தரம் அரைகுறையாகத்தான் வேலை செய்தது என்று சொல்லுகிற இந்தக் கதையை மத்தேயுவும் லூக்காவும் தொடவே இல்லை, மாற்குவைப் பார்த்துத்தான் அவர்கள் எழுதினார்கள் என்று பெரும்பாலான அறிஞர்கள் சொல்கிறார்கள். அங்கேதான், மச்சான், நான் கொஞ்சம் நின்று விடுகிறேன். அந்த "நடக்கிற மரங்கள்" யாரோ ஒருவனுடைய வாயிலிருந்து உண்மையிலேயே வந்த சொல்லோ என்று ஒரு எண்ணம். நிரூபிக்க வழியில்லை. கற்றரக்ட் கட்டை அவிழ்த்த அன்று அம்மாவும் கிட்டத்தட்ட இதையேதான் சொன்னா, அது உனக்கும் தெரியும்.

மனிசி இன்னும் செவ்வாய்க்கிழமை தவறாமல் கொச்சிக்கடை அந்தோனியாருக்குப் போகிறாள். மெதடிஸ்ட் வீட்டு மருமகள் என்று யாரும் கேட்பதில்லை, அங்கே சைவக்காரரும் வருகிறார்கள், சிங்களவரும் வருகிறார்கள். ஒல்லாந்தர் கத்தோலிக்கரைத் துரத்திய காலத்தில் கொச்சியிலிருந்து வந்து ஒளிந்திருந்த ஒரு பாதிரியாரிடம், கடல் குடிசைகளைத் தின்கிறது, நிறுத்தித் தாருங்கள் என்று கடற்றொழிலாளர்கள் கேட்டார்களாம், அவர் சிலுவையை நட்டு மூன்று நாள் ஜெபிக்கக் கடல் பின்வாங்கி மணல் திட்டி எழும்பியதாம். இது அந்தக் கோயிலின் கதை. இதைக் கேட்டவுடன் நான் என்ன செய்தேன் தெரியுமா? எங்கள் ரயில் பாதைக்குக் கீழே வருடா வருடம் பார்க்கிறதுதானே, ஆனி ஆடியில் தென்மேல் காற்றுக்குக் கடல் கல்லணை வரை வந்து மணலை வாரிக்கொண்டு போகும், மார்கழி தையில் அதே மணலைத் திருப்பிக் கொண்டுவந்து போடும், பாதிரியார் காற்று மாறுகிற நேரம் பார்த்துச் சிலுவை நட்டிருக்கிறார் என்று மனிசிக்கு நீட்டி விளக்கினேன். அவள் சோறு வடித்துக்கொண்டே, "அந்தக் கதையை முதல் ஆர் எழுதி வச்சது, எப்ப எழுதினது எண்டு பாத்தனீங்களோ?" என்றாள். பார்க்கவில்லை. நானும் பவுலுஸ் வேலைதான் பார்த்திருக்கிறேன்.

அந்தக் கோயிலில் குண்டு வெடித்த 2019 உயிர்த்த ஞாயிறு அன்று அவள் காலைப் பூசைக்குப் போக வெளிக்கிட்டு, தலையிடியில் திரும்பிப் படுத்துவிட்டாள். அது அந்தோனியார் செய்தது என்று அக்கா சொன்னபோது நான் ஒன்றும் பேசவில்லை. தலையிடி வராமல் போய் இருந்தவர்களை நினைத்துக்கொண்டு அவளும் ஒன்றும் பேசவில்லை. இன்று வரைக்கும் அதைப் பற்றி வீட்டில் கதைப்பதில்லை.

கோவூர் மாஸ்டர் இருந்த பாமன்கடை ஒழுங்கையால் போன கிழமை நடந்து போனேன். பாதிரியார் ஒருவரின் மகன், யாழ்ப்பாணம் மத்திய கல்லூரியிலும் படிப்பித்தவர், அற்புதம் செய்து காட்டுகிறவருக்கு ஒரு லட்சம் ரூபா என்று சவால் விட்டுவிட்டு, 1978-ல் சாகும்வரை ஒருவருக்கும் கொடுக்காமலே போனவர். அந்தக் காசுக்கு என்னென்ன வித்தை காட்டலாம் என்று நாங்கள் இரண்டு பேரும் ரியூஷன் கொட்டிலில் திட்டம் போட்டது ஞாபகமா? நீ தண்ணீரில் நடப்பதாக இருந்தாய், நான் உனக்கு மனேஜர்.

மார்கழியில் வருகிறாய் என்று மனிசி சொன்னாள். வரும்போது எனக்கு ஒன்றும் வேண்டாம், அக்காவுக்கு அந்த மூட்டு வலித் தைலம் மட்டும் இரண்டு போத்தல் கொண்டுவா. போன தரம் நீ கொடுத்ததில் முழங்கால் முற்றாகச் சுகமானது என்று ஊரெல்லாம் சொல்லி வைத்திருக்கிறா, மாடிப்படி ஏறும்போது மட்டும் என் தோளைப் பிடிக்கிறா.

அன்புடன்,
ரவி