செண்டுமல்லி விதையை 20 நாள் முன்னதாகக் கொடுங்கள்

தக்காளி வட்டாரங்களின் தோட்டக்கலை அலுவலர்களுக்கு,

வணக்கம். காய்ப்புழுவைத் தன் பக்கம் இழுத்துத் தக்காளியைக் காக்கும் பொறிப்பயிராகத் தக்காளி வயலில் செண்டுமல்லி நடச் சொல்கிறீர்கள். சரியான பரிந்துரைதான். ஆனால் இரண்டு விதைகளையும் ஒரே நாளில் கொடுத்தால் விவசாயி இரண்டையும் ஒரே நாளில்தான் நாற்றங்காலில் போடுவார். தக்காளி பூத்துக் குலுங்கும்போது செண்டுமல்லி மொட்டுகூட வைக்காமல் நிற்கும். காய்ப்புழுவாகப் பொரியும் முட்டைகளை இடும் தாய் அந்துப்பூச்சிக்குச் செண்டுமல்லியில் வேலையே இருக்காது.

இருட்டிய பிறகு பறக்கும் அந்தப் பூச்சிக்கு உணர்கொம்புதான் வழிகாட்டி. பூவின் மணம் பட்டதும் காற்றை எதிர்த்துப் பறந்து வந்து சேரும். செடியில் அமர்ந்ததும் கால்களாலும் முட்டையிடும் உறுப்பாலும் தொட்டுச் சுவைத்துப் பார்க்கும். வழுவழுப்பான பரப்பைவிடச் சுணையுள்ள பரப்பையே விரும்பி, முட்டைகளை ஒவ்வொன்றாகப் பல இடங்களில் வைக்கும். அதனால்தான் முட்டைக் குவியலைத் தேடிக் கிள்ளி எறியும் வழி இந்தப் பூச்சியிடம் பலிப்பதில்லை.

பயிற்சிகளில் அதிகம் பேசப்படாத ஒன்றும் உண்டு. இந்தப் பூச்சி கற்றுக்கொள்கிறது. ஒரு பூமணத்தோடு இனிப்பும் கிடைத்தால், அடுத்த முறை அந்த மணமுள்ள பூவையே அது கூடுதலாக நாடுகிறது என்று 2004-இல் வெளியான ஆய்வு காட்டியது. ஒரு பயிரில் முட்டையிட்டுப் பழகிய தாய்ப்பூச்சி பிறகும் அந்தப் பயிரின் பக்கமே சாய்வதை அதற்கு முந்தைய ஆய்வுகள் கண்டன. தக்காளிப் பூவில் தேன் கிடையாது, செண்டுமல்லியில் உண்டு. ஆகவே செண்டுமல்லி முந்திப் பூத்தால் பூச்சியின் பழக்கம் நமக்குச் சாதகமாகிறது. பிந்திப் பூத்தால், தக்காளியில் பழகிவிட்ட பூச்சியை அங்கிருந்து இழுக்க வேண்டியிருக்கும். அது கடினம்.

பெங்களூரு இந்தியத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனத்தின் பரிந்துரையில் இந்தக் கணக்கு தெளிவாகவே இருக்கிறது: 45 நாள் செண்டுமல்லி நாற்று, 25 நாள் தக்காளி நாற்று, இரண்டும் ஒரே நாளில் நடவு. 16 வரிசை தக்காளிக்கு 1 வரிசை செண்டுமல்லி. உயரமாக வளரும் ஆப்பிரிக்க வகைதான் வேண்டும். வரப்பு ஓரத்தில் மட்டும் நட்டால் நடுவயலில் இறங்கும் பூச்சிக்கு அது எட்டாது.

நட்டதோடு வேலை முடிவதில்லை. செண்டுமல்லியில் பொரித்த புழுக்களை அங்கேயே அழிக்காவிட்டால் அந்த வரிசையே புழுப்பண்ணையாகிவிடும். புழு சிறிதாக இருக்கும்போதே புழுவுக்கு நோய் உண்டாக்கிக் கொல்லும் என்.பி.வி. நச்சுயிரிக் கரைசலை ஏக்கருக்கு 100 புழுச் சமன் (நோயுற்ற 100 புழுக்களிலிருந்து கிடைக்கும் நச்சுயிரி) என்ற அளவில், வெல்லம் கலந்து மாலையில் தெளிக்கச் சொல்லுங்கள். பகல் வெயிலின் புற ஊதாக் கதிர் நச்சுயிரியைச் செயலிழக்கச் செய்துவிடும். வளர்ந்த புழு எளிதில் சாகாது, சாவதற்குள் காயைத் துளைத்துவிடும். ஆயுத பூசை விலைக்கு ஆசைப்பட்டுப் பூ முழுவதையும் ஒரே நாளில் பறித்தால் மணம் நின்றுபோகும். இரண்டு மூன்று தவணையாகப் பறிக்கலாம்.

பெண் பூச்சியின் மணத்தைக் காட்டி ஆணை இழுக்கும் இனக்கவர்ச்சிப் பொறி பற்றியும் ஒரு வார்த்தை. ஏக்கருக்கு 5 வைக்கிறோம். அதில் விழுவது ஆண் பூச்சி மட்டுமே. ஏற்கனவே இணைசேர்ந்து வெளியிலிருந்து வரும் பெண்ணை அது தடுக்காது. பூச்சி வரத்தைக் கணிக்கவே அது பயன்படும் என்று சொல்லிக் கொடுங்கள். பயிரின் நுனிக்கு ஓர் அடி மேலே இருக்கும்படி, பயிர் வளர வளரப் பொறியையும் உயர்த்த வேண்டும். பொறியில் வைக்கும் மணக் குப்பிகளில் வெவ்வேறு பூச்சிகளுக்கானவற்றை ஒரே பையில் போட்டு அனுப்பினால் மணம் கலந்து எதற்கும் உதவாமல் போகும். வெள்ளை ஈ நிறத்தைப் பார்த்து வரும் பூச்சி என்பதால் அதற்கு மஞ்சள் ஒட்டுப்பொறி போதும். தூசி படிந்ததும் மாற்ற வேண்டும்.

எங்கள் கோரிக்கைகள் மூன்று. செண்டுமல்லி விதையைத் தக்காளி விதைக்கு 20 நாள் முன்னதாக வழங்குங்கள். விதை உறையின் மேலேயே விதைக்கும் நாளையும் 16-க்கு 1 என்ற வரிசைக் கணக்கையும் பெரிய எழுத்தில் அச்சிடுங்கள். செண்டுமல்லி பூக்கும் வாரத்தில் நச்சுயிரிக் கரைசல் கையிருப்பில் இருக்கும்படி வட்டாரக் கிடங்குகளுக்கு முன்கூட்டியே எழுதுங்கள்.

இப்படிக்கு,
பயிர்ப் பாதுகாப்புக் களப்பணியாளர்கள்