முதலில் மெமரியைப் பார்

ஸ்ரீவில்லிபுத்தூர்,
மார்கழி, சனிக்கிழமை இரவு.

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் வந்து நான்கு நாளாகிறது. அப்பாவுக்குக் கண்புரை அறுவை நல்லபடியாக முடிந்தது என்று படித்த பிறகுதான் மனசு ஆறியது. சொட்டு மருந்தை மட்டும் நேரம் தவறாமல் விடச் சொல். இங்கே எல்லோரும் சுகம். மகள் பிளஸ் டூ. பரீட்சை நெருங்குவதால் வீட்டில் டிவி போட்டு ஒரு மாதமாகிறது. கடையில் தை மாதக் கல்யாணப் பத்திரிகைகள் வர ஆரம்பித்துவிட்டன. சிவகாசிக்கு வாரம் மூன்று நடை.

உன் கடிதத்தின் இரண்டாம் பக்கத்தை மட்டும் திரும்பத் திரும்பப் படித்தேன். உன் நெட்புக்கில், அந்தச் சின்ன லேப்டாப்பில், ஒருநாள் பிரவுசர் தானாக மூடிக்கொள்கிறது, மறுநாள் கணக்கு எழுதிக்கொண்டிருக்கும்போதே எக்ஸெல் போய்விடுகிறது, சரி, விண்டோஸுக்குப் பதில் இலவசமான லினக்ஸ் போட்டுப் பார்ப்போம் என்றால் அதுவும் ஏறவில்லை, கடைக்காரர் ‘மதர்போர்டு போச்சு சார், தூக்கிப் போடுங்க’ என்கிறார். தூக்கிப் போடாதே. அப்பாவின் நாட்குறிப்புகளை அதில்தான் தட்டச்சு செய்து வைத்திருக்கிறேன் என்றாயே, அவற்றை வேறு எங்கும் காப்பி செய்யவும் செய்யாதே. கொஞ்சம் பொறு. காரணத்தைச் சொல்கிறேன்.

என்னுடைய பழைய டெஸ்க்டாப் உனக்கு ஞாபகம் இருக்கும். 2009இல் கடை ஆரம்பித்தபோது வாங்கியது. கோர் 2 டுவோ பிராசசர், ஒரு ஜிபி டிடிஆர்2 மெமரிப் பட்டை இரண்டு. முதல் ஏழெட்டு வருஷம் எங்கள் வீட்டுக்குச் சோறு போட்ட மெஷின் அது. கடைக்குப் புதிது வந்த பிறகு அதை வீட்டுக்குக் கொண்டுவந்தேன். உன் மெஷினுக்கு வந்ததெல்லாம் போன வருஷம் அதற்கும் வந்தது. நீலத் திரை வரும், ஒவ்வொரு தடவையும் அதில் வேறு வேறு காரணம் எழுதியிருக்கும். ஜிப் கோப்பைப் பிரித்தால் சிஆர்சி பிழை, அதாவது கோப்பு கெட்டிருக்கிறது, என்று சொல்லும். அதே கோப்பை இன்னொரு தடவை பிரித்தால் ஒழுங்காகப் பிரியும். வைரஸ் என்று நினைத்து ஆன்டிவைரஸ் ஓட்டினேன், அதுவும் பாதியில் நின்றது. அப்புறம் ஹார்ட் டிஸ்க் போய்விட்டது என்று முடிவு கட்டி, புது டிஸ்க் வாங்கி எல்லாவற்றையும் அதற்கு மாற்றினேன். பழைய டிஸ்கைத் துடைத்து ஒருவருக்குக் கொடுத்துவிட்டேன். வாழ்க்கையில் நான் அவசரப்பட்டுச் செய்த காரியங்களில் இதுவும் ஒன்று. ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

டிஸ்க் மாறியும் பிரச்சினை மாறவில்லை. விண்டோஸ் 7க்கு 2020 ஜனவரியிலேயே ஆதரவு முடிந்துவிட்டது, இனி அதைக் கட்டிக்கொண்டு அழவேண்டாம் என்று லினக்ஸில் ஒரு வகையான மின்ட் போட உட்கார்ந்தேன். ஒரு தடவை கோப்புகளைப் பிரித்து எழுதும்போது பாதியில் நின்றது. மறு தடவை கடைசிக் கட்டத்தில், மெஷினை எழுப்பிவிடுகிற கிரப்பைப் போடும்போது நின்றது. மூன்றாம் தடவை டெஸ்க்டாப்பே வரவில்லை. பென் டிரைவை மாற்றினேன், ஐஎஸ்ஓவை, அதாவது இன்ஸ்டால் செய்கிற கோப்பை, மறுபடி இறக்கினேன். ராத்திரி ஒரு மணிக்கு அதன் முன்னால் உட்கார்ந்திருந்த என்னைப் பார்த்து வீட்டில் என்ன சொல்லியிருப்பார்கள் என்று உனக்கே தெரியும்.

கடைசியில் வழி காட்டியது எஸ்எச்ஏ256. ஐஎஸ்ஓ சரியாக இறங்கியதா என்று பார்க்க அதன் தளத்தில் 64 எழுத்தில் ஒரு எண் கொடுத்திருப்பார்கள் அல்லவா, நம் கோப்பின் எண்ணும் அதுவும் ஒன்றாக இருக்கவேண்டும். பென் டிரைவிலிருந்தே லினக்ஸை ஓட்டி, டிஸ்கில் இருந்த ஐஎஸ்ஓவுக்கு அந்த எண்ணை எடுத்தேன். பொருந்தவில்லை. சரி, டவுன்லோடு கெட்டுவிட்டது என்று நினைத்து, எதற்கும் என்று அதே கட்டளையை இன்னொரு தடவை கொடுத்தேன். இந்தத் தடவை வேறு எண் வந்தது! கோப்பை யாரும் தொடவில்லை. அதே டிஸ்க், அதே கோப்பு, இரண்டு நிமிஷ இடைவெளி, இரண்டு விடை. நாற்காலியில் அப்படியே சாய்ந்துவிட்டேன். கோப்பு கெட்டிருந்தால் கெட்ட எண்ணே திரும்பத் திரும்ப வரவேண்டும். படிக்கப் படிக்க மாறுகிறது என்றால் படிக்கிறவன் கண்ணில்தானே கோளாறு?

அன்று ராத்திரி மெம்டெஸ்ட்86 பிளஸ்ஸைப் பென் டிரைவில் ஏற்றிப் போட்டுவிட்டுப் படுத்தேன். இலவசமானது, சின்னது. விண்டோஸும் வேண்டாம், லினக்ஸும் வேண்டாம், மெஷின் எழுந்தவுடன் நேரே அதுதான் ஓடும். மெமரியின் ஒவ்வொரு இடத்திலும் ஒன்றை எழுதும், திரும்பப் படிக்கும், எழுதியதுதான் வந்ததா என்று பார்க்கும். விடிகாலை நாலரைக்குக் கோயிலில் திருப்பாவை போட்டார்கள், எழுந்து போய்ப் பார்த்தேன். திரை முழுக்கச் சிவப்பு வரிகள். எழுதியது எட்டு எஃப். திரும்ப வந்ததில் ஏழு எஃப், ஒரு டி. ஒவ்வொரு வரியிலும் அதே இடத்தில் அதே டி. எஃப் என்றால் நான்கு ஒன்று, டி என்றால் நடுவில் ஒரு சைபர். அதாவது ஒரே ஒரு பிட், ஒன்றோ சைபரோ வைக்கிற ஒரு இடம். அதில் ஒன்றை எழுதினாலும் சைபராகத்தான் திரும்ப வருகிறது. ஒரு ஜிபியில் கிட்டத்தட்ட 859 கோடி பிட்டுகள் இருக்கின்றன. அதில் ஒன்று செத்துப்போய் என் ஒரு வருஷத்தைத் தின்றிருக்கிறது.

நம் விடுதியில் கால் ஆடுகிற கட்டில் ஒன்று இருந்ததே, அதைத்தான் நினைத்துக்கொண்டேன். வருஷா வருஷம் அறை மாறும்போது அது யார் தலையில் விழுகிறதோ அவன் ராத்திரியில் தரையில் கிடப்பான். அவனிடம் ஒரு தப்பும் இல்லை. மெமரியில் அந்த ஒரு இடமும் அப்படித்தான். இன்றைக்கு அங்கே பிரவுசர் வந்து படுக்கிறது, பிரவுசர் விழுகிறது. நாளைக்கு இன்ஸ்டாலர் பிரித்த கோப்பு வந்து படுக்கிறது, இன்ஸ்டாலர் விழுகிறது. நாம் விழுந்தவனையே திட்டிக்கொண்டிருக்கிறோம். லினக்ஸில் இது இன்னும் சீக்கிரம் தெரியும், ஏனென்றால் சும்மா கிடக்கிற மெமரியை எல்லாம் டிஸ்கில் படித்ததை வைத்துக்கொள்ள அது எடுத்துக்கொள்ளும். எந்தக் கட்டிலையும் காலியாக விடாது. 1990களிலேயே இது தெரிந்த விஷயம்தான். லினக்ஸின் மையமான கர்னலை மூல நிரலிலிருந்து கட்டும்போது, கட்டுகிற கம்பைலர் சிக்னல் 11 என்ற பிழையைச் சொல்லி விழுந்தால், அதுவும் ஒவ்வொரு தடவை ஒவ்வொரு இடத்தில் விழுந்தால், மெமரியைப் பார் என்பார்கள். ஒரே புரோகிராம் ஒரே இடத்தில் விழுந்தால் புரோகிராமைச் சந்தேகப்படு. பல புரோகிராம் பல இடத்தில் விழுந்தால் கீழே இருக்கிற மெஷினைச் சந்தேகப்படு.

பிறகு நடந்தது சுருக்கம்தான். ஒயரைப் பிடுங்கிவிட்டு, பவர் பட்டனை ஒரு தடவை அழுத்தி மிச்ச மின்சாரத்தை இறக்கி, இரண்டு மெமரியையும் கழற்றி, தங்கநிறக் காலைப் பென்சில் ரப்பரால் தேய்த்து மறுபடி மாட்டினேன். பல மெஷின்கள் இதிலேயே பிழைத்துவிடும். என்னுடையது பிழைக்கவில்லை. ஒன்றைக் கழற்றி வைத்துவிட்டு மற்றதை இரண்டு ஸ்லாட்டிலும் மாற்றி மாற்றிச் சோதித்தேன், இரண்டிலும் சுத்தம். கழற்றி வைத்திருந்ததைப் போட்டேன், இரண்டு ஸ்லாட்டிலும் சிவப்பு. ஆக ஸ்லாட் நல்லது, மதர்போர்டு நல்லது, அந்த ஒரு பட்டைதான் குற்றவாளி. பழைய சாமான் விற்கிறவரிடம் இரண்டு ஜிபி பட்டை ஒன்றை வாங்கி, ஒரு ராத்திரி முழுக்கச் சோதித்து, அதற்குப் பிறகே மின்ட் போட்டேன். தடங்கல் இல்லாமல் ஏறியது. கெட்ட இடத்தை மட்டும் தொடாதே என்று கிரப்பில் எழுதி வேலி போடவும் வழி இருக்கிறது. ஆனால் பல்லில் ஒரு சொத்தை வந்தால் பக்கத்திலும் வரும் என்று எனக்குப் பயம், அந்தப் பக்கம் போகவில்லை.

இப்போது உன் சங்கதி. லினக்ஸ் போடும்போது வந்ததாக நீ எழுதியிருக்கிற வரி, ‘இந்தக் கர்னலுக்கு எக்ஸ்86-64 பிராசசர் வேண்டும், இங்கே இருப்பது ஐ686’ என்பது, மெமரிக் கோளாறே அல்ல. உன் நெட்புக்கில் இருப்பது ஆட்டம் என்270, அது 32 பிட் மட்டுமே தெரிந்த பிராசசர். நீ இறக்கியது லினக்ஸில் ஒரு வகையான உபுண்டு, அதுவும் 64 பிட். எத்தனை தடவை போட்டாலும் அந்த வரிதான் வரும். உபுண்டு 2017இலேயே 32 பிட் டெஸ்க்டாப் ஐஎஸ்ஓ கொடுப்பதை நிறுத்திவிட்டது. இன்னொரு வகையான டெபியனும் 2025 ஆகஸ்டில் வந்த 13ஆம் பதிப்பில் 32 பிட் இன்ஸ்டாலரை விட்டுவிட்டது. அதனால் உனக்கு டெபியன் 12, அதில் ஐ386 என்று போட்டிருக்கிற ஐஎஸ்ஓ. வைஃபை சிப் ஓடத் தேவையான ஃபர்ம்வேர் கோப்பைத் தனியாகத் தேடி அலைகிற வேலையும் 12இலிருந்து பெரும்பாலும் இல்லை, அதிலேயே வருகிறது. எந்த டெஸ்க்டாப், அதாவது எந்தத் திரை அமைப்பு, என்று கேட்கும்போது கனமான க்னோமில் இருக்கும் டிக்கை எடுத்துவிட்டு இலேசான எல்எக்ஸ்டிஇ வை. ஒரு ஜிபியில் எழுதலாம், கணக்குப் போடலாம், பாட்டுக் கேட்கலாம். யூடியூப் மட்டும் திணறும், அதை அதனிடம் கேட்காதே.

ஐஎஸ்ஓவை இழுத்துப் பென் டிரைவில் போட்டால் பூட் ஆகாது, ரூஃபஸ் மாதிரி ஒரு புரோகிராமால் எழுதவேண்டும். உன் மகன் லேப்டாப்பில் செய். தேதி ஒவ்வொரு தடவையும் பழையபடி போய்விடுகிறது என்றாயே, அது உள்ளே இருக்கிற சிமாஸ் பேட்டரி தீர்ந்ததால். டெஸ்க்டாப்பில் என்றால் சிஆர்2032, வாட்ச் கடையிலேயே கிடைக்கும். நெட்புக்கில் சிலவற்றில் ஒயர் வைத்தது இருக்கும், கழற்றிப் பார்த்து வாங்கு. சின்ன விஷயம் என்று விடாதே. தேதி தப்பாக இருந்தால் பிரவுசர் எந்தத் தளத்தையும் நம்பாது, டெபியனும் ‘இந்தக் கோப்பு இன்னும் செல்லுபடியாகவில்லை’ என்று அப்டேட் செய்ய மறுக்கும்.

ஆனால் விண்டோஸில் புரோகிராம்கள் விழுகிறதற்கு 32 பிட் காரணமில்லை. உன் மெஷினுக்கு இரண்டு நோய் என்று நினைக்கிறேன். அதனால் டெபியனைத் தொடுவதற்கு முன் மெம்டெஸ்ட்டை ஒரு ராத்திரி ஓடவிடு. அது 32 பிட்டிலும் ஓடும். சிவப்பு வந்தால் அடியில் ஒரு மூடி இருக்கும், பெரும்பாலும் அதற்குள் ஒரே ஒரு பட்டைதான். லேப்டாப் டிடிஆர்2, இரண்டு ஜிபிக்கு மேல் வாங்காதே, எடுக்காது. சிவப்பே வராவிட்டால் அடுத்து டிஸ்க்: டிஸ்க் தன் நிலையைத் தானே சொல்கிற ஸ்மார்ட் அறிக்கையில் ரீஅலொகேட்டட், பென்டிங் என்ற இரண்டு வரியும் சைபராக இருக்கவேண்டும்.

அப்பாவின் நாட்குறிப்பை ஏன் காப்பி செய்யாதே என்றேன் தெரியுமா? காப்பி செய்கிற ஒவ்வொரு கோப்பும் மெமரி வழியாகத்தான் போகிறது. நான் பழைய டிஸ்கிலிருந்து புதியதற்கு மாற்றிய போட்டோக்களில் இதுவரை 17 கெட்டிருக்கின்றன. ஒரு பிழைச் செய்தி வரவில்லை, எல்லாம் முடிந்தது என்றே சொன்னது. அந்தப் பதினேழில் ஒன்று, 2004இல் குற்றாலம் ஐந்தருவியில் நாம் ஐந்து பேரும் எண்ணெய் வழிய நிற்கிற படம். இப்போது திறந்தால் மேலே ஐந்து தலையும் தெரிகிறது, கழுத்துக்குக் கீழே பச்சைப் பட்டையாக ஓடுகிறது. போட்டோக்களின் ஜேபெக் கோப்பில் ஒரு பிட் மாறினாலே அதற்குப் பின்னால் வருவதெல்லாம் இடம் பிசகிவிடலாம். நல்ல பிரதி இருந்த டிஸ்கைத்தான் துடைத்துக் கொடுத்துவிட்டேனே. அப்பா எழுதியதற்கு அந்தக் கதி வரக்கூடாது. அவசரமாக வேண்டும் என்றால் டிஸ்கைக் கழற்றி யுஎஸ்பி கேஸில் போட்டு மகன் லேப்டாப்பில் எடு. யூனிகோடு அல்லாத பழைய பாமினி ஃபான்ட்டில் அடித்தது என்றால் அந்த ஃபான்ட் கோப்பையும் சேர்த்து எடு, இல்லாவிட்டால் டெபியனில் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாகத் தெரியும். புதிதாக அடிப்பதற்கு யூனிகோடும் தமிழ்99 விசைப்பலகையும் போதும், லினக்ஸில் தட்டச்சுக்கான ஐபஸ்ஸில் இருக்கிறது.

கடைசியாக எனக்கு நீ ஒன்று செய்யவேண்டும். 2010இல் உன் கல்யாணத்துக்கு வந்தபோது, கறுப்பு மார்க்கரில் ‘குற்றாலம்’ என்று எழுதி ஒரு சிடி கொடுத்தேன். கல்யாண ஆல்பம் வைத்திருக்கிற பீரோவில் பார். கிடைத்தால் யாரிடமும் கொடுத்துக் காப்பி போடாமல், இரண்டு அட்டைக்கு நடுவில் வைத்து, ஸ்பீட் போஸ்டில் அப்படியே அனுப்பு.

அப்பாவுக்கு என் வணக்கம்.

உன்,
பழைய அறை நண்பன்.