கதிரை ஏற்ற வந்த தம்பிக்கு

அப்பா எங்களை விட்டுப் போனதை எல்லோரும் அறிவீர்கள். திரும்பச் சொல்ல எனக்குத் தெம்பில்லை. அந்தியேட்டிக் கிரியை நேற்று முடிந்தது, நினைவு மலரும் நேரத்துக்கு வந்து சேர்ந்தது. அதன் அட்டையில் அப்பா திருகோணமலை பிரெட்ரிக் கோட்டை வாசலில் சைக்கிளோடு நிற்க, பின்னால் ஒரு புள்ளிமான் எட்டிப் பார்க்கிறதே, அந்தப் படம் கிடைத்த கதையை மட்டும் சொல்லிவிடுகிறேன்.

அப்பாவின் பழைய கணினி படுக்குமுன் மச்சான் அதன் ஹார்ட் டிஸ்க்கை அப்படியே ஒரே கோப்பாக, டிஸ்க் இமேஜாக, எடுத்து வைத்திருந்தார். திறக்கப் போனால் கோப்பு பழுது என்றது விண்டோஸ். இரண்டு கடைகளில் கைவிரித்தார்கள். ஒன்றில் 'ஃபோர்மட் பண்ணித் தரவா' என்றும் கேட்டார்கள்.

எட்டாம் நாள் எட்டுச் செலவுக்கு மறுநாள், வாடகைக் கதிரைகளை ஏற்ற வந்த தம்பி, இரண்டு குறைகிறது என்று தேடிக்கொண்டு உள்ளே வந்தார். நான் மடிக்கணினிக்கு முன்னால் அழுதுகொண்டிருந்தேன். எட்டிப் பார்த்தவர், "அக்கா, இது பழுதில்ல. சிடி இமேஜ் மாதிரித் திறக்கப் பாக்கிறீங்க, இது முழு டிஸ்க்" என்றார்.

பின்னேரம், விண்டோஸுக்குப் பதிலாக ஓடும் லினக்ஸ் போட்ட பென் டிரைவோடு வந்தார். கறுப்புத் திரையில், டிஸ்க் எப்படிப் பிரிந்திருக்கிறது என்று காட்டும் எஃப்டிஸ்க் கட்டளையை அடிக்க, உள்ளே இரண்டு பாட்டிஷன், அதாவது இரண்டு பகுதி, தெரிந்தன. முதலாவது விண்டோஸ் தனக்கென்று வைத்த 100 எம்பி. அப்பாவுடையது இரண்டாவது, 206848ஆம் செக்டரில் தொடங்குகிறது. செக்டர் என்பது டிஸ்க்கின் சின்னத் துண்டு, ஒன்றுக்கு 512 பைட். கதிரை பில்லின் பின்பக்கத்தில் பேனாவால் பெருக்கினார்: 105906176. அதுதான் ஆஃப்செட்டாம், கோப்பின் தொடக்கத்திலிருந்து அப்பாவின் பகுதி இருக்கும் தூரம். அந்த இடத்திலிருந்து படி என்று, டிஸ்க்கைத் திறந்து காட்டும் மவுண்ட் கட்டளைக்குச் சொல்லாவிட்டால் அது முழிக்குமாம். கூடவே 'ஆர்ஓ' என்றும் சேர்த்தார்.

"வாசிக்க மட்டும், அக்கா. அப்பாட சாமானில நாங்க கை வைக்கக்கூடாது."

பிறகு எல்எஸ், உள்ளே இருப்பதைப் பட்டியலிடும் கட்டளை. அப்பா வைத்த பெயர்கள் வரிவரியாக விழுந்தன: பென்ஷன் கடிதங்கள், மகள் சோதனை, கோயில், மான். படங்களைப் பிரதி எடுத்து முடிந்ததும், திறந்ததை மூட யூமவுண்ட் அடித்தார். அன்மவுண்ட் என்று அடித்தால் வேலை செய்யாதாம், 'என்' ஒன்று குறைவு. அதற்கு நான் சிரித்தேன். அந்த வீட்டில் ஒன்பது நாளுக்குப் பிறகு வந்த முதல் சிரிப்பு. காசு வாங்கவில்லை, ஒரு பிளேன்டீயோடு போய்விட்டார்.

தோள் கொடுத்தவர்கள், சமைத்துத் தந்த அயலவர்கள், ராவோடு ராவாக அச்சடித்தவர்கள், கடல் கடந்து அழைத்தவர்கள், எல்லோருக்கும் எங்கள் நன்றி. இனி எங்கள் வீட்டில் எந்தப் படமும் ஒரே டிஸ்க்கில் இருக்காது. இது அப்பா மேல் சத்தியம்.

தம்பி, உங்களுக்கு ஒரு மலர் எடுத்து வைத்திருக்கிறேன். அந்த இரண்டு கதிரையும் கிணற்றடியில் கிடந்தன. வரும்போது ஏற்றிக்கொண்டு போங்கள். பில்லை மட்டும் தரமாட்டேன்.