சென்னிமலைப் படி ஏறிய தம்பிக்கு

கண்ணு,

நோம்பிக்கு வந்த சித்தி சொல்லித்தான் தெரியும், நீ போன வாரம் சென்னிமலை ஏறினாய் என்று. 1320 படி! கபடிக் களத்தில் மண்டை மோதி ஏழு வாரமாகியும் தலைபாரம் விடவில்லை. "ஸ்கேனில்தான் ஒன்றுமில்லையே, சும்மா படுத்துக் கிடக்கிறான்" என்று ஒறம்பரை யாரோ சொன்ன ரோசமாம். இறங்கி வந்து இரண்டு நாள் ஆசாரத்து ஜன்னலைச் சாத்திக்கொண்டு கிடந்தாயாமே.

உன்னைத் திட்ட எனக்கு வாயில்லை. மொபட்டிலிருந்து விழுந்த வருசம் நான் உனக்கு நேர் எதிர்த் தப்பைச் செய்தேன். ஒரு மாதம் இருட்டறை. பக்கத்து வீட்டுத் தறிச் சத்தம் கேட்டாலே அழுகை வரும். கடைசியில் பொடக்காலி வரை நடந்தாலே கண்ணைக் கட்டியது.

ஸ்கேன் காட்டுவது ரத்தக்கசிவையும் எலும்பு முறிவையும். தலையில் அடிபட்டு வருகிற மூளையதிர்ச்சியில் கெடுவது மூளை வேலை செய்யும் விதம். அது படத்தில் விழாது. உடம்பு வேகமெடுக்கும்போது இதயத்துடிப்பையும் மூளைக்குப் போகிற ரத்தத்தையும் அளந்து விடுகிற நரம்புகள் இன்னும் தடுமாறுகின்றன. படியேறினால் தலை இடிப்பது அதனால்தான். படுத்தே கிடந்தால் அந்தத் தடுமாற்றம் தீராது, உடம்பும் சேர்ந்து தளர்ந்துவிடும். இதை அந்த ஒறம்பரையிடம் சொல், புரிந்தால் சரி.

எனக்கு வழி காட்டியவர் ஒரு பிசியோதெரபிஸ்ட். அமெரிக்காவில் பஃபலோ பல்கலைக்கழகத்தில் ஜான் லெடி குழுவினர் உருவாக்கிய சோதனை ஒன்றைச் செய்தார். டிரெட்மில்லில் நடக்கவிட்டு, சரிவைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றி, எந்த நாடித்துடிப்பில் தலை முனக ஆரம்பிக்கிறது என்று பார்ப்பது. எனக்கு நிமிடத்துக்கு 130. அதில் 80 சதவீதம், அதாவது 104. அதைத் தாண்டாமல் தினம் 20 நிமிடம் நடை. வெட்கமாக இருந்தது, கிழவிகள்கூட என்னைத் தாண்டிப் போனார்கள். ஆனால் பத்து நாளில் தறிச் சத்தம் தாங்க முடிந்தது. அப்புறம் 110, அப்புறம் 115.

நீயும் முதலில் டாக்டரைப் பார்த்து இந்தச் சோதனையைக் கேள். கழுத்தையும் காது சமநிலையையும் பார்க்கச் சொல். சில தலைச்சுற்றல் அங்கிருந்து வருவது. மலை வேண்டாம், வாய்க்கால் கரை போதும். மேடு பள்ளமில்லை, வெயிலுக்கு முன்னால் போய்விடலாம். கிளம்பும் முன் தலைவலிக்குப் பத்துக்கு எத்தனை என்று மார்க் போடு. நடக்கையில் இரண்டு வரை கூடி, ஒரு மணி நேரத்துக்குள் இறங்கிவிட்டால் பயமில்லை. 2022இல் ஆம்ஸ்டர்டாமில் கூடிய மூளையதிர்ச்சி நிபுணர்கள் வைத்த அளவும் இதுதான். அதற்கு மேல் கூடினால் அன்றைக்கு நிறுத்திவிட்டு மறுநாள் பார். வலி ஏறிக்கொண்டே போனாலோ, திரும்பத் திரும்ப வாந்தி வந்தாலோ, கை கால் மரத்தாலோ, பேச்சு குழறினாலோ நேரே ஆஸ்பத்திரி.

கபடியைப் பற்றி இப்போதைக்குப் பேசாதே. முழுசாக ஆறும் முன் இன்னொரு அடி விழுந்தால் ஆபத்து. டாக்டர் எழுதிக் கொடுக்கும் வரை களத்துப் பக்கம் வேடிக்கைகூட வேண்டாம், உன்னைத் தெரியும் எனக்கு.

ஞாயிற்றுக்கிழமை விடிய வருகிறேன். நாடி பார்க்கிற என் பழைய வாட்ச்சைக் கொண்டுவருகிறேன், பட்டை மட்டும் நீ மாற்றிக்கொள்.

அக்கா