வெள்ளைச் சட்டையும் மாதாவும்

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் வந்து ஒரு மாதம் ஆகிறது. இடது கண்ணில் புரை எடுத்தார்கள். கொஞ்ச நாள் குனியாதே, கண்ணைக் கசக்காதே என்று வீட்டில் ஒரே காவல். உன் மகள் வேலையில் சேர்ந்த செய்தியை என் மனைவிதான் வாசித்துச் சொன்னாள். ரொம்ப சந்தோஷம்.

சரி, உன் கேள்விக்கு வருகிறேன். “பேதுரு இயேசுவைத் தெரியாது என்று மறுதலித்தார், புனித அகுஸ்தீனார் ஊர் சுற்றினார், பிறகு திருந்தினார்கள். அவர்களைப் பார்த்து நடக்கலாம். பாவமே அறியாத மாதாவைப் பார்த்து நான் எப்படி நடப்பது?” என்று கேட்டிருந்தாய். நியாயமான கேள்விதான்.

முதலில் ஒன்று. மாதாவை மாசில்லாதவர் என்று சொல்ல அடிப்படையான அமலோற்பவம், அதாவது மாசற்ற கருவாதல், என்றால் இயேசு கருவானது என்றே பலர் நினைக்கிறார்கள். நீயும் அப்படித்தான் எழுதியிருக்கிறாய். அது மாதா, அதாவது இயேசுவின் தாய் மரியா, தன் தாயின் வயிற்றில் கருவான நொடியைப் பற்றியது. அந்த நொடியிலிருந்தே, ஆதாம் வழியாக எல்லோருக்கும் பிறப்பிலேயே வரும் ஜென்மப் பாவம் அவரைத் தொடவில்லை என்று 1854 டிசம்பர் 8 அன்று திருத்தந்தை ஒன்பதாம் பயஸ் விசுவாசக் கோட்பாடாக அறிவித்தார். அதுவும் கிறிஸ்துவின் பேறுபலன்களால் கிடைத்த வரம். மரியாவின் சொந்தச் சம்பாத்தியம் இல்லை. பாவம் இல்லாதவருக்கு மீட்பர் எதற்கு என்று தாமஸ் அக்குவினாஸ் போன்ற மேதையே இந்த இடத்தில் தயங்கினார். விழுந்தவரைத் தூக்குவதைவிட விழாமலே காப்பது பெரிய மீட்பு என்று வாதாடி வழி திறந்தவர் டன்ஸ் ஸ்கோட்டஸ் என்ற பிரான்சிஸ்கன் துறவி. மரியாவே தன் பாடலில் “என் மீட்பராம் கடவுள்” என்றுதானே பாடுகிறார்!

இப்போது என் கண் கதை. ஒரு வருடமாக என் வெள்ளைச் சட்டை மஞ்சளடிக்கிறது என்று மனைவியிடம் சண்டை. சரியாகத் துவைக்கவில்லை, சோப்பு சரியில்லை, இப்படித் தினம் ஒரு புகார். கண்கட்டைப் பிரித்த மறுநாள் அதே சட்டையை எடுத்துப் பார்க்கிறேன், பளீரென்று வெள்ளை. வலது கண்ணால் பார்த்தால் இன்னமும் மஞ்சள்தான். அவளிடம் போய் அசடு வழிந்தேன். “உங்களுக்கு எப்பவும் அடுத்தவங்க மேலதான் குறை” என்றாள்.

பாவமும் இப்படித்தானோ என்று அன்றிலிருந்து யோசிக்கிறேன். பொய்யும் பொறாமையும் மனித சுபாவம் என்கிறோம். மஞ்சளே சட்டையின் நிறம் என்று நான் நம்பிய மாதிரி. நம்முடைய அசல் நிறம் என்ன என்று தெரிய, மங்காத ஒருவர் வேண்டும். பேதுருவிடம் எழுந்திருக்கக் கற்றுக்கொள்ளலாம். எழுந்து எதுவாக ஆகவேண்டும் என்பதற்கு எனக்கு மாதாதான்.

மாசில்லாதவர் என்பதால் எல்லாம் சுலபமாக இருந்தது என்று நினைக்காதே. பன்னிரண்டு வயது மகனைக் காணாமல் தேடி, மூன்றாம் நாள் கோவிலில் கண்டு, “ஏன் இப்படிச் செய்தாய்?” என்று கேட்கிறார். வந்த பதிலும் அவருக்குப் புரியவில்லை என்று லூக்கா ஒளிக்காமல் எழுதுகிறார். கவலையும் குழப்பமும் பாவமில்லை பார். எட்டாத உயரத்தில் வைக்காமல், நம்மைப்போல் விசுவாசத்தால் வாழ்ந்தவராக மாதாவைக் காட்ட வேண்டும் என்பது புனித குழந்தை தெரேசாவின் ஆசையும்கூட.

இன்னொன்று, எனக்கு மிகப் பிடித்தது. வானதூதர் மரியாவை “அருள் மிகப் பெற்றவரே” என்று அழைக்கும் கிரேக்கச் சொல்லின் வினை, பவுல் எபேசியருக்கு எழுதிய கடிதத்தின் முதல் அதிகாரத்திலும் வருகிறது. அங்கே அந்த அருளைப் பெறுகிறவர்கள் நாம்தான்! அதற்குச் சற்று முன்னால்தான், நாம் தூயவர்களும் மாசற்றவர்களுமாய் இருக்கத் தேர்ந்தெடுக்கப்பட்டோம் என்று பவுல் சொல்கிறார். மாதாவுக்குத் தொடக்கத்தில் கிடைத்தது, நமக்கு ஞானஸ்நானத்தில் ஆரம்பித்துத் தவணை முறையில் வருகிறது என்று வைத்துக்கொள்.

ஒத்துக்கொள்ள மாட்டாய், தெரியும். திட்டி எழுது. சீக்கிரம் எழுது, அடுத்த மாதம் வலது கண்ணுக்கு நாள் குறித்திருக்கிறார்கள். அப்புறம் உன் கிறுக்கல் எழுத்தை மறுபடி அவள்தான் வாசிக்க வேண்டியிருக்கும்.

என்றும் அன்புடன்,
உன் பழைய நண்பன்