இரண்டு பாஷை பேசிய டாஸ் கணினி

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சென்ற இதழில் பழைய கணினிகளைப் பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். டாஸ் (விண்டோஸுக்கு முன்பிருந்த, கட்டளைகளைத் தட்டச்சு செய்து இயக்கும் அடிப்படை மென்பொருள்) ஓடும் கணினியால் ஒரு நேரத்தில் ஒரு நெட்வொர்க்கோடுதான் பேச முடியும், விண்டோஸ் 95 வந்த பிறகுதான் அந்தத் தடை நீங்கியது என்று அதில் எழுதியிருந்தார்கள். அந்தக் கணினிகளின் மூடியைக் கழற்றி மாட்டியே பாதி ஆயுளைக் கழித்தவன் நான். இதைப் பார்த்தும் பேசாமல் இருக்க முடியவில்லை.

அப்படி ஒரு காலம் இருந்தது உண்மைதான். நாவல் என்ற கம்பெனியின் நெட்வேர், கோப்புகளைப் பொதுவில் வைக்கும் சர்வர் மென்பொருள். ஐபிஎக்ஸ் என்ற புரோட்டோகாலில் (பேச்சு முறையில்) அதோடு பேச ஐபிஎக்ஸ்.காம் என்று ஒரே கோப்பு. என்ன நெட்வொர்க் கார்டு, எந்த ஐஆர்க்யூ (கார்டு கணினியைக் கூப்பிடும் தடம்), எந்த போர்ட் (தரவு போய்வரும் முகவரி) என்று முன்கூட்டியே சொல்லி, ஒவ்வொரு சிஸ்டத்துக்கும் அளவெடுத்துத் தைத்த சட்டை மாதிரி அதைத் தயாரிக்க வேண்டும். அது நினைவகத்தில் ஏறிவிட்டால் கார்டு முழுக்க அதன் பிடியில்தான். 1990-களின் நடுவில் நான் வேலை பார்த்த இடத்தில், கணக்குப் பிரிவில் ஒருவருக்கு ஃபாக்ஸ்புரோ என்ற தரவுத்தள மென்பொருளில் போட்ட கணக்கு நெட்வேர் சர்வரில், சரக்கு இருப்பு டிசிபி/ஐபி என்ற வேறு புரோட்டோகால் பேசும் யூனிக்ஸ் மெஷினில். மேசையில் நெட்வொர்க்குக்கு ஒன்றாக, கணினியைத் தொடங்க இரண்டு பூட் பிளாப்பிகள், ஒன்றில் மஞ்சள் லேபிள், ஒன்றில் சிவப்பு. ஒரு நாளைக்குப் பத்து தடவையாவது ரீபூட் செய்வார்.

அதற்கு மருந்து விண்டோஸ் 95-க்கு வெகு முன்பே வந்துவிட்டது. ஒரே கார்டைப் பல புரோட்டோகால்கள் பகிர்ந்துகொள்ளும் முறைதான் அது: நாவல் தரப்பில் ஓடிஐ, மைக்ரோசாஃப்ட் - த்ரீகாம் (கார்டு கம்பெனி) தரப்பில் என்டிஐஎஸ். நான் பழகியது ஓடிஐ. முதலில் எல்எஸ்எல் என்ற இடைத்தரகர் நிரல் ஏறும். அடுத்து கார்டை இயக்க அதன் கம்பெனி கொடுத்த டிரைவர். அதற்குப் பிறகுதான் நெட்வேருக்கான ஐபிஎக்ஸ்ஓடிஐ, யூனிக்ஸுக்கான டிசிபி/ஐபி எல்லாம். ஈதர்நெட் கேபிளில் வரும் தரவுப் பொட்டலத்தின் தலைப்பில் பொதுவாக அது யாருக்கானது என்பதற்கு ஓர் அடையாளம் இருக்கும். ஈதர்நெட்-2 என்ற ஃபிரேம் (பொட்டல அமைப்பு) வகையில் ஐபி என்றால் 0800, ஐபிஎக்ஸ் என்றால் 8137. எல்எஸ்எல் அதைப் பார்த்து உரியவரிடம் தள்ளிவிடும். கார்டு ஒன்று, கேபிள் ஒன்று, புரோட்டோகால் இரண்டு. நெட்.சிஎஃப்ஜி என்ற அமைப்புக் கோப்பில் டிரைவர் பெயரின் கீழே இரண்டு ஃபிரேம் வரிகளை எழுதினால் போதும். அந்த வரிகள் கொஞ்சம் உள்ளே தள்ளி இருக்க வேண்டும், ஒட்டினாற்போல் எழுதினால் அவை டிரைவருக்குப் போய்ச் சேராது. அந்த ஒரு இடைவெளிக்காக ஒரு மதியச் சாப்பாட்டை விட்டிருக்கிறேன்.

தொல்லை இல்லாமல் இல்லை. நெட்வேர் 3.11 வரை வழக்கமான ஃபிரேம் 802.3, 3.12-இல் அதை 802.2 என்று மாற்றிவிட்டார்கள். புது சர்வர் வைத்த அன்று, கேபிள் சரி, கார்டு சரி, ஆனால் எந்த சிஸ்டத்துக்கும் சர்வர் கண்ணில் படவில்லை. கோஆக்ஸ் கேபிளின் முனைகளில் மாட்டும் டெர்மினேட்டர்களை எல்லாம் கழற்றி மாட்டிப் பார்த்த பிறகுதான், ஃபிரேம் பொருந்தவில்லை என்பது உறைத்தது. இன்னொன்று ஐஆர்க்யூ 3. என்ஈ2000 என்ற நெட்வொர்க் கார்டு வழக்கமாக அதில்தான் உட்காரும், காம்-2 என்ற சீரியல் போர்ட்டுக்கும் அதுதான் இடம், இரண்டும் மோதிக்கொள்ளும். இதோடு 640 கேபி நினைவகத்துக்குள் எல்லாரும் நெருக்கியடித்து உட்கார வேண்டும். நிரல்களை அதற்கு மேலே ஏற்றும் லோட்ஹை கட்டளை இல்லாவிட்டால் ஃபாக்ஸ்புரோ மூச்சுத் திணறியிருக்கும்.

கட்டுரையாளர் கணினியைக் குறை சொல்கிறார். என் அனுபவத்தில் குறை டிரைவரில்தான் இருந்தது. எங்களுக்கு கார்டு விற்ற ஒருவர், மலிவு என்று என்ஈ2000 நகல்களை டிஸ்க் இல்லாமலே கொடுத்துவிட்டுப் போனார். நாவலின் பொது டிரைவரைப் போட்டோம். சிலது ஓடின, சிலது நாள் முழுக்க ஓடிச் சாயங்காலம் தொங்கின. அதே இடத்தில் த்ரீகாமின் 3சி509 கார்டைப் போட்டால், கூடவே ஈதர்டிஸ்க் என்ற பிளாப்பி வரும். அதிலேயே நெட்வேருக்கும் என்டிஐஎஸ்ஸுக்கும் டிரைவர், ஐஆர்க்யூ மாற்ற, கார்டில் இருக்கும் ஜம்பர் முள்ளைத் தொடாமல் ஒரு புரோகிராம். விலை கூடுதல்தான். ஆனால் அந்த கார்டு போட்ட சிஸ்டத்துக்காக என்னை யாரும் இரவில் கூப்பிட்டதில்லை.

இது பழங்கதை மட்டும் இல்லை. சென்ற ஆண்டு தெரிந்தவர் ஒருவரின் நூற்பாலையில் நூல் சோதிக்கும் மெஷின் ஒன்றைப் பார்க்கப் போனேன். அதன் மென்பொருள் டாஸில்தான் ஓடும். சோதனை முடிவுகள் இன்னும் ஒரு நெட்வேர் சர்வருக்குத்தான் போகின்றன. அவற்றை இன்றைய கணினிக்கும் அனுப்ப வேண்டும், முடியாவிட்டால் மெஷினையே மாற்றச் சொல்கிறார்கள் என்றார். ஓடிஐ டிரைவர் அப்படியே இருக்கட்டும் என்று சொல்லி, மேலே ஓடிஐபிகேடி என்ற சிறு இணைப்பு நிரலை ஏற்றினேன். பேக்கெட் டிரைவர் என்ற இன்னொரு வகை டிரைவரை எதிர்பார்க்கும் நிரல்களுக்கு, ஓடிஐ டிரைவரையே அப்படிக் காட்டுவது அதன் வேலை. "ஓடிஐபிகேடி 1 96": 1 என்பது இரண்டாவது ஃபிரேம் (எண்ணிக்கை பூஜ்யத்தில் தொடங்கும்), 96 என்பது மற்ற நிரல்கள் அதைக் கூப்பிடும் இன்டரப்ட் எண், பதினாறின் அடிப்படையில் எழுதினால் 60. அதற்கு மேல், டாஸுக்கு இலவசமாகக் கிடைக்கும் எம்டிசிபி என்ற டிசிபி/ஐபி தொகுப்பின் எஃப்டிபி (கோப்பு அனுப்பும் நிரல்). நெட்வேருக்குப் போவதும் போகிறது, புதிய கணினிக்கும் கோப்பு போகிறது, ரீபூட் கிடையாது. எஃப்டிபியில் கடவுச்சொல் திறந்தபடியே போகும் என்பதால், அவை எல்லாவற்றையும் இணையத்தோடு சேராத தனி ஸ்விட்சில் வைக்கச் சொல்லிவிட்டு வந்தேன்.

கட்டுரையாளரிடம் ஒரு விஷயத்தில் ஒத்துப்போகிறேன். பேக்கெட் டிரைவரில் ஒரே நேரத்தில் இரண்டு டிசிபி/ஐபி நிரல்களை ஓட்டப் பார்த்தால், 0800 ஏற்கெனவே பிடிக்கப்பட்டது என்று இரண்டாவதைத் திருப்பி அனுப்பிவிடும். வேறு வேறு புரோட்டோகால் என்றால் தாராளமாக இடம் உண்டு. ஒரே புரோட்டோகாலுக்கு இரண்டு முதலாளி என்றால் கிடையாது. அவர் கேள்விப்பட்டது இதைத்தானோ என்னவோ.

என் 3சி509-இன் ஈதர்டிஸ்க் இன்னும் படிக்கும் நிலையில் இருக்கிறது. பிளாப்பியை அப்படியே ஒரு கோப்பாக நகலெடுத்தும் வைத்திருக்கிறேன். பழைய மெஷினோடு மல்லுக்கட்டும் வாசகர் யாருக்காவது வேண்டுமென்றால் உங்கள் அலுவலகம் வழியாகக் கேட்கட்டும், அனுப்பி வைக்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கணினிப் பராமரிப்பாளர் ஒருவர்,
கோயம்புத்தூர்.